ஓசை எங்கே நின்றது?

திரையில் பாட்டு ஓடுகிறது. பாடுபவரின் வாய் அசைகிறது. நேரங்காட்டும் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒலிபெருக்கியிலிருந்து மட்டும் ஒரு முணுமுணுப்பும் இல்லை. லினக்ஸ் கணிப்பொறியைப் பயன்படுத்துவோரில் இந்த அனுபவம் ஒரு முறையேனும் வாய்க்காதவர் குறைவு. பெரும்பாலோருக்கு இது சிறு தொல்லைதான். பாட்டை நாளைக் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் அப்படி அல்ல. எங்கள் கல்லூரியில் வரலாறு பயிலும் மாணவர் ஒருவருக்குப் பார்வை இல்லை. நூலகத்தில் உள்ள லினக்ஸ் கணிப்பொறியில் ‘ஓர்க்கா’ என்னும் நிரல் திரையில் உள்ள எழுத்துகளை அவருக்குப் படித்துச் சொல்லும். அதற்குக் குரல் கொடுப்பது ‘ஈஸ்பீக்’ என்னும் மற்றொரு நிரல். அதற்குத் தமிழும் தெரியும். 2025 ஜூலையில் ஒரு நாள் மாலை அந்தக் கணிப்பொறி ஊமையாகிவிட்டது. மறுநாள் காலை அவருக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வு. குறிப்புகள் எல்லாம் அதற்குள் இருந்தன. ஒலி இல்லாத கணிப்பொறி நமக்கு ஊமை. அவருக்கோ அது அணைந்த கணிப்பொறி. என்ன கோளாறு என்று அது திரையில் எழுதிக் காட்டினாலும் அவரால் அறிய முடியாது அல்லவா?

நூலகர் எனக்குச் சொல்லியனுப்பினார். பத்து நிமிட வேலை என்று எண்ணிப் போனேன். இரவு ஏழரை மணிக்குத்தான் வெளியே வந்தேன். அவ்வளவு நேரம் ஏன் ஆயிற்று என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில், ஒலி வரும் வழியைத் தெரிந்துகொள்வோம்.

எண்ணிலிருந்து காற்றுக்கு

கணிப்பொறிக்குள் ஒலி என்பது எண்களின் வரிசையே. ஓர் ஒலியலையின் உயரத்தை ஒரு நொடிக்கு 48,000 முறை அளந்து எழுதிவைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வோர் அளவும் -32,768 முதல் 32,767 வரை உள்ள ஒரு முழு எண். இதனை எழுத 16 பிட்டுகள், அதாவது 2 பைட்டுகள் வேண்டும். இடம், வலம் என இரண்டு தடங்கள் இருப்பதால், நொடிக்கு 1,92,000 பைட்டுகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நொடிக்கு 48,000 முறை ஏன்? மனிதச் செவி கேட்கக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைச் சிதையாமல் மீட்க, அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கும் அதிகமான முறை அளந்தாக வேண்டும். அதனால்தான் குறுந்தகட்டில் 44,100, கணிப்பொறியில் பெரும்பாலும் 48,000.

இந்த எண்கள் பயன்பாட்டு நிரலில் பிறக்கின்றன. அங்கிருந்து ஒலி மேலாளரிடம் போகின்றன. பல நிரல்கள் ஒரே நேரத்தில் அனுப்பும் ஒலிகளைக் கூட்டி ஒன்றாக்கி, எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவர் அவர். அடுத்து, கெர்னல் எனப்படும் உட்கருவில் அமர்ந்திருக்கும் இயக்கு நிரல். அது எண்களை ஒலிச் சில்லுக்குத் தள்ளுகிறது. சில்லு ஒவ்வோர் எண்ணையும் அதற்குரிய மின்னழுத்தமாக மாற்றுகிறது. பெட்டியின் பின்புறமுள்ள பச்சைத் துளை வழியே மின்னழுத்தம் வெளியேறி, ஒலிபெருக்கியின் பெருக்கிக்குப் போய், கூம்பை அசைக்கிறது. காற்று அதிர்கிறது.

திருவிழாவில் தொடரிணைப்பில் கட்டிய சிறு விளக்குச் சரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விளக்கு பழுதானாலும் சரம் முழுவதும் இருண்டுவிடும். எது பழுது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒலியின் வழியும் அத்தகையதே. மின்பணியாளர் ஒவ்வொரு விளக்காகக் கழற்றிப் பார்ப்பதில்லை. சரத்தின் நடுவில் சோதிப்பார். அங்கே மின்சாரம் வந்திருந்தால் பழுது அப்பாலுள்ள பாதியில்; இல்லையேல் இப்பாலுள்ள பாதியில். மீண்டும் அந்தப் பாதியின் நடுவில். நூறு விளக்கு இருந்தாலும் ஏழு சோதனைக்குள் பழுது பிடிபட்டுவிடும்.

விரலால் ஒரு சோதனை

நம் வழியை இரண்டாகப் பிரிக்கும் இடம் அந்தப் பச்சைத் துளைதான். தனி மின்னிணைப்பும் பெருக்கியும் உடைய சாதாரணக் கணிப்பொறி ஒலிபெருக்கியாயின், அதன் பிளக்கைப் பச்சைத் துளையிலிருந்து உருவி எடுங்கள். ஒலிபெருக்கியை இயக்கி, ஒலியளவைப் பாதி வரை திருப்புங்கள். ஈரமில்லாத விரலால் பிளக்கின் நுனியைத் தொடுங்கள். ‘ர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். (சுவரில் செருகும் மின்பிளக்கை அல்ல, ஒலியைக் கொண்டுவரும் மெல்லிய கம்பியின் பிளக்கைத்தான் தொட வேண்டும் என்பதை மாணவர்கள் மறந்துவிடக் கூடாது!)

இந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது? நம்மைச் சுற்றிச் சுவர்களுக்குள் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் ஓடுகிறது. நம் உடல் ஒரு கடத்தி. வானலை வாங்கி போல் அது அந்த மின்புலத்தைச் சிறிதளவு ஏற்றுக்கொள்கிறது. பெருக்கி அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. சிறிய கூம்புகளால் 50 ஹெர்ட்ஸை நன்கு ஒலிக்க இயலாது. நாம் கேட்பது பெரும்பாலும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸ் முதலியவற்றை. எப்படியாயினும், இரைச்சல் கேட்டால் ஒலிபெருக்கியும் கம்பியும் நலம். குற்றம் கணிப்பொறிப் பக்கம். கேட்காவிட்டால் லினக்ஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை. காசில்லாமல் பத்து நொடியில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் மென்பொருளில் கை வைப்பவர்களே அதிகம். அன்று நானும் அதைத்தான் செய்தேன்.

சில்லு தெரிகிறதா?

இனிக் கணிப்பொறிக்குள் போவோம். கட்டளைகளின் பெயரை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். டெர்மினல் சாளரத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

‘ஏபிளே’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் எல் என்னும் சிறிய எழுத்தும் சேர்த்தால், கெர்னல் கண்டறிந்த ஒலிச் சில்லுகளின் பட்டியல் வரும். பட்டியல் காலியாக இருந்தால் கோளாறு அடிமட்டத்தில் உள்ளது. ‘எல்எஸ்பிசிஐ’ என்னும் கட்டளை, தாய்ப்பலகையில் உள்ள கருவிகளை இயக்கு நிரல் இல்லாவிட்டாலும் காட்டிவிடும். அதிலும் ஒலிக்கருவி இல்லையேல், பயாஸ் அமைப்பில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். அதில் இருந்து முன்னதில் இல்லையேல், இயக்கு நிரல் ஏற்றப்படவில்லை என்று பொருள். செட்டிங்ஸ் பக்கத்தில் ‘டம்மி அவுட்புட்’ என்று காட்டுவதும் இத்தகைய நிலையில்தான். மேலாளர் தமக்கு வேலைக்காரர் யாரும் கிடைக்காமல் வெறும் காற்றுக்கு ஆணையிட்டுக்கொண்டிருக்கிறார்! மேசைக் கணிப்பொறிகளில் இது அரிது. இன்டெல் நிறுவனம் 2004 இல் வகுத்த பொது விதிமுறையையே பெரும்பாலான தாய்ப்பலகைச் சில்லுகள் பின்பற்றுவதால், ஒரே இயக்கு நிரல் பலவற்றுக்கும் போதுமானதாகிறது.

பூச்சியத்தால் பெருக்கினால்

அடுத்தது ஒலியளவு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒலியளவைக் கட்டுப்படுத்தும் இடம் ஒன்றல்ல. பாட்டு நிரலில் ஒன்று, மேலாளரிடம் ஒன்று, சில்லில் ஒன்று, ஒலிபெருக்கியின் திருகில் ஒன்று. இவை ஒவ்வொன்றும் அலையின் வீச்சை ஒரு பின்னத்தால் பெருக்குகிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்று பூச்சியமானால் பெருக்கற்பலனும் பூச்சியம். மற்ற மூன்றும் உச்சத்தில் இருந்து பயனில்லை.

‘ஆல்சாமிக்சர்’ என்று தட்டினால் சில்லின் கட்டுப்பாடுகள் நெடிய தூண்களாகத் தோன்றும். தூணின் அடியில் எம் எழுத்து இரு முறை இருந்தால் வாய் அடைக்கப்பட்டுள்ளது என்று பொருள். அம்புக்குறியால் அந்தத் தூணுக்குப் போய் எம் விசையை அழுத்தினால், இரண்டு பூச்சியங்களாக மாறி வாய் திறக்கும். இங்கே பூச்சியம் என்பது நல்ல செய்தி, குழம்ப வேண்டாம். ‘மாஸ்டர்’ மட்டும் திறந்திருந்தால் போதாது. ‘பிசிஎம்’, ‘ஃப்ரன்ட்’ முதலியவற்றையும் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சில்லுகள் இருந்தால் எஃப் 6 விசையால் உரியதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ‘ஆட்டோ-மியூட்’ என்றொரு கட்டுப்பாடும் அங்கே இருக்கலாம். முன்பக்கத் துளையில் தலைபேசி செருகப்பட்டால் பின்பக்க ஒலியை நிறுத்துவது அதன் வேலை. முன்துளையின் உள்தொடுப்பு கெட்டுப்போய், செருகாத தலைபேசி செருகியிருப்பதாகவே கணிப்பொறி நம்பிக்கொண்டிருந்ததை ஒரு முறை எங்கள் ஆய்வகத்தில் கண்டிருக்கிறேன்.

தூணின் அளவை ஆல்சாமிக்சர் டெசிபெல்லில் காட்டும். -6 டெசிபெல் என்றால் வீச்சு பாதி. -20 என்றால் பத்தில் ஒரு பங்கு. பின்னங்கள் பெருகும்போது டெசிபெல்கள் கூடும். மூன்று இடங்களில் -20 வீதம் இருந்தால் மொத்தம் -60. வீச்சு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். எந்த இடத்திலும் பூச்சியம் இல்லை. ஆனாலும் மின்விசிறி சுழலும் அறையில் ஒன்றும் கேட்காது.

மேலாளர்கள் மாறிய கதை

லினக்ஸ் 1991 இல் பிறந்தது. அதற்கு ஒலி கொடுக்கும் பணியைப் பின்லாந்தின் ஹன்னு சவோலைனன் 1992 இல் தொடங்கினார். ஓஎஸ்எஸ் எனப்பட்ட அந்த அமைப்புக்குப் பதிலாகச் செக் நாட்டவரான யரோஸ்லாவ் கிசெலா 1998 இல் தொடங்கியது ஆல்சா. 2003 டிசம்பரில் வெளியான கெர்னல் 2.6 முதல் அதுவே முதன்மை அமைப்பு. இன்றும் அடித்தளம் அதுதான். அதன் மேல் மேலாளராக லெனார்ட் பொட்டரிங் எழுதிய பல்ஸ்ஆடியோ வந்தது. 2021 இல் ஃபெடோரா 34 அதன் இடத்தில் விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயரை அமர்த்தியது. உபுண்டுவும் 2022 அக்டோபரில் வந்த 22.10 பதிப்பில் அவ்வாறே செய்தது. இந்த வரலாறு நமக்கு எதற்கு? பத்தாண்டுக்கு முன் எழுதப்பட்ட அறிவுரையைப் படித்து, இல்லாத மேலாளரை எழுப்ப முயன்று நேரம் இழப்பவர் பலர்.

மேலாளரைச் சோதிக்க எளிய கருவி ‘பாவுகன்ட்ரோல்’. பாட்டு ஓடும்போது அதன் ‘பிளேபேக்’ பக்கத்தில் நிரலின் பெயருக்கடியில் ஒரு பட்டை துள்ளும். துள்ளினால் எண்கள் மேலாளரிடம் வந்து சேர்ந்துவிட்டன. துள்ளாவிட்டால் நிரலிலேயே குற்றம். பேசும் நிரல்களுக்கு இடையில் ‘ஸ்பீச் டிஸ்பேச்சர்’ என்றொரு தரகரும் உண்டு. பாட்டு கேட்டு, ஓர்க்காவின் குரல் மட்டும் கேட்காவிட்டால் அவரையே ஐயுற வேண்டும். மேலாளர் உறங்கிவிட்டதாகத் தோன்றினால் கணிப்பொறியையே அணைத்துப் போடுவது எளிய வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பட்டை துள்ளுகிறது, ஆல்சாமிக்சரில் வாய்கள் திறந்திருக்கின்றன, விரலுக்கு ஒலிபெருக்கி இரைகிறது. ஆனாலும் ஒலி இல்லை. அப்படியானால் எண்கள் எங்கே போகின்றன? வேறு கருவிக்கு!

அன்று நடந்தது

நூலகத்தில் நான் கண்டதும் இதுதான். எனினும் அந்த இடத்திற்கு வந்து சேர எனக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. போனவுடன் ஒலி மென்பொருள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன். பயன் இல்லை. பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்த மாணவர், “நேத்து நல்லாத்தான் சார் பேசிச்சு. இன்னைக்குக் காலையில மானிட்டர் மாத்தினாங்க” என்றார். “அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லப்பா” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

சம்பந்தம் இருந்தது. பழைய மானிட்டரின் விஜிஏ கம்பி படத்தை மட்டும் கொண்டுசெல்வது. புதியதன் எச்டிஎம்ஐ கம்பி படத்தோடு ஒலியையும் கொண்டுசெல்லும். இணைத்தவுடன் மானிட்டர் தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்றைக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது: அளவு இவ்வளவு, ஒலியும் ஏற்பேன் என்று. அந்த மானிட்டரில் ஒலிபெருக்கி கிடையாது. தலைபேசிக்கு ஒரு துளை மட்டும் உண்டு. அதனால் அது சொன்னது பொய்யும் அல்ல. புதிய வழி ஒன்று திறந்ததைக் கண்ட மேலாளர், எண்களை அவ்வழியே திருப்பிவிட்டார். ஓர்க்கா அன்று முழுவதும் பேசிக்கொண்டுதான் இருந்தது. யாரும் எதையும் செருகாத ஒரு துளைக்குள்.

செட்டிங்ஸில் ‘சவுண்ட்’ பக்கத்திற்குப் போய், வெளியீட்டை எச்டிஎம்ஐயிலிருந்து ‘லைன் அவுட்’டுக்கு மாற்றினேன். குரல் வந்தது. மாணவர் ஒன்றும் சொல்லாமல் குறிப்புகளைத் திறந்து, குரலின் வேகத்தைக் கூட்டி, கேட்கத் தொடங்கிவிட்டார். நூலகர் அன்று எட்டரை மணி வரை கதவைப் பூட்டவில்லை.

மறுவாரம் ஒரு சிறு கட்டளைக் கோப்பு எழுதிவைத்தேன். ஒரு குறிப்பிட்ட விசைச் சேர்க்கையை அழுத்தினால், வெளியீடு எங்கே திரும்பியிருந்தாலும் மீண்டும் பச்சைத் துளைக்கு வந்து, வாய் திறந்து, ‘வணக்கம்’ என்று ஒரு சொல் பேசும். பார்வையற்றோர் பயன்படுத்தும் கணிப்பொறியைப் பராமரிப்பவர்கள் இப்படி ஒன்றைச் செய்து வைத்துவிடுவது நல்லது. விரல் சோதனையையும் மாணவருக்குக் கற்றுக்கொடுத்தேன்.

செப்டம்பரில் மீண்டும் ஒலி நின்றது. விசைச் சேர்க்கைக்கு ‘வணக்கம்’ வரவில்லை. பின்புறம் கை விட்டுப் பிளக்கை உருவி விரலை வைத்திருக்கிறார், இரைந்தது. துடைக்க வந்தவர்கள் கம்பியைக் கழற்றி வேறு துளையில் செருகிவிட்டிருந்தார்கள். பச்சை நிறம் அவருக்குப் பயன்படாது. ஆனால் மூன்று துளைகள் மேலும் கீழுமாக அமைந்த தாய்ப்பலகைகளில், மேலே ஒலி உள்ளே வரும் நீலத்துளை, கீழே ஒலிவாங்கிக்கான இளஞ்சிவப்பு, நடுவில் இருப்பதுதான் பச்சை. தடவிப் பார்த்து நடுத்துளையில் செருகியிருக்கிறார். எனக்கு இது தெரியவந்தது நான்கு நாள் கழித்து, வராந்தாவில் எதிர்ப்பட்டபோது.