மலை எஞ்சின்களும் பிரிட்டிஷ் ரயில் நூல்களும்

நீராவி எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் செய்த தொழிற்சாலை, செய்த ஆண்டு, தொழிற்சாலை வரிசை எண் என்னும் மூன்று அடையாளங்கள் உண்டு. இவற்றை ஓர் உலோகத் தகட்டில் பொறித்து எஞ்சினின் பக்கத்தில் பதிப்பது வழக்கம். பிரிட்டிஷ் எஞ்சின்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் இத்தகட்டையே பிறப்புச் சான்றாகக் கொண்டனர். அவர்கள் தொகுத்துள்ள நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு, பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி ஓடிய வண்டிகளைத் தேடினால் என்ன கிடைக்கும் என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நூல்களுள் மூத்தது என்று சொல்லத்தக்கது அஹ்ரன்ஸ் என்பார் எழுதியது. 1825 முதல் 1925 வரை நூறாண்டுக் காலப் பிரிட்டிஷ் எஞ்சின்களை அது விவரிக்கிறது. ஆசிரியர் 1926-இல் காலமானார். நூல் 1927-இல் வெளிவந்தது. பின்னர் 1942-இல் அயன் ஆலன் என்பார் எஞ்சின் எண்களை மட்டும் அடக்கிய சிறு புத்தகங்களை வெளியிடலானார். பள்ளிச் சிறுவர்கள் அவற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் நிலையங்களில் காத்து நின்றார்கள். இந்தியாவைப் பொறுத்தமட்டில் ஹியூ ஹியூஸ் தொகுத்த நான்கு பாகங்களே நமக்குப் பெருந்துணை. 1990 முதல் வெளியான அவற்றுள் முதல் மூன்றும் அகலப் பாதை, மீட்டர் பாதை, குறும்பாதை எனப் பாதைவாரியாகப் பிரிக்கப்பட்டவை. கதை படிக்க விரும்புவோர் அவற்றைத் திறக்க வேண்டியதில்லை. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணைதான்.

அந்த அட்டவணைகளைப் படிக்க ஒரு திறவுகோல் வேண்டும். 2-2-2 என்று கண்டால், முன்னே இரண்டு தாங்கு சக்கரங்கள், நடுவில் இரண்டு இயக்கு சக்கரங்கள், பின்னே இரண்டு தாங்கு சக்கரங்கள் என்று கொள்க. 1855-இல் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு இந்தியா வந்த ஃபேரி குவீன் இவ்வகையினது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பல்சக்கர எஞ்சின் 0-8-2. இதற்கெல்லாம் தமிழில் சொல் தேடுவது எம்போன்ற மொழிபெயர்ப்பாளருக்குத் தலைவேதனையே. ‘இழுபொறி’ என்று எழுதினால் அலுவலகம் ஏற்றுக்கொள்ளும். எஞ்சினை ஓட்டியவருக்கு விளங்காது.

இனி மூணாற்றுக்குச் செல்வோம். தேயிலையைச் சமவெளிக்கு இறக்குவதற்காக 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போடப்பட்டது. யூவிங் முறை என்பது அதன் பெயர். சிறு சக்கரம் தண்டவாளத்தின்மேல் உருளும். பெரிய சக்கரமொன்று பக்கத்துச் சாலையில் ஊன்றி வண்டி சாயாமல் காக்கும். இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை நீக்கி, இரண்டடி அகலக் குறும்பாதை அமைத்து நீராவி எஞ்சின்களை விட்டனர். டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவட வழியே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூரை அடைந்தன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம், கொல்லம் ஆண்டு 1099 ஆதலால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று மலையாளிகள் இன்றும் கூறுவது, அப்பாதையை அடியோடு அழித்தது. மீண்டும் அது போடப்படவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல்; மேலே பாதை மறைந்து நான்காண்டுகள் கழிந்தபின்!

இத்தகைய எஞ்சின்களைப் பிரிட்டிஷ் நூல்களில் தேடுவோர் முதலில் திகைப்பர். அஹ்ரன்ஸ் போன்றோர் தம் நாட்டுப் பெரிய ரயில்வேக்களையே எழுதினர். தோட்டங்களுக்காகக் கடல்கடந்து சென்ற சிறு எஞ்சின்களைக் காண, செய்தவர்களின் விற்பனைப் பட்டியலைப் புரட்ட வேண்டும். அங்கும் பெரும்பாலும் வாங்கிய கம்பெனியின் பெயரோ முகவரின் பெயரோ இருக்குமேயன்றி மூணாறு என்று இராது. தகடும் வெள்ளத்தோடு போய்விட்டால் பட்டியலையும் பொருளையும் இணைப்பது எங்ஙனம்?

டில்லியில் வாழும் அன்பர்கள் இதன் மறுபக்கத்தைச் சாணக்கியபுரியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நேரிற் காணலாம். பட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை இருந்ததும் அதே யூவிங் முறைதான். அதன் எஞ்சின் ஒன்று அமிருதசரசுப் பணிமனையில் செப்பனிடப்பட்டு அங்கே நிற்கிறது. அதன் சக்கரக் குறி 0-3-0. ஒற்றைத் தண்டவாளத்தில் சக்கரங்களுக்கு இணை ஏது? மற்ற எஞ்சின்களைப் பார்த்துக் களைத்தபின்னும் இதைப் பாராமல் திரும்ப வேண்டாம். குண்டளையின் முதற்பாதை எவ்வாறு நின்றது என்பது ஒரு நொடியில் புலப்படும்.

அந்த எஞ்சின் ஜெர்மனியில் ஓரன்ஸ்டைன் கொப்பெல் நிறுவனம் செய்தது. பாலக்காட்டுப் பக்கத்தில் பறம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்கிய கொச்சி வன டிராம்வேயின் எஞ்சின்களும் அந்நிறுவனத்தனவே. 1907 முதல் 1963 வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீண்டு கிடந்த பாதை அது. மிகச் செங்குத்தான சரிவுகளில் எஞ்சினுக்கு வேலையில்லை. இறங்கும் பார வண்டியின் எடையே வெறும் வண்டியை மேலே இழுத்துவிடும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து எஞ்சின் எல்லாம் பிரிட்டிஷ் எஞ்சின் என்று எண்ணிப் பிரிட்டனில் செய்தவற்றின் பட்டியலில் மட்டும் தேடினால், பறம்பிக்குளம் அகப்படாது.

எஞ்சின்களுக்குத் தரும் இடத்தில் ஒரு பங்கையும் இந்நூல்கள் மனிதருக்குத் தருவதில்லை. மாடு ஓட்டியவர், கொட்டகுடியில் பெட்டி இறக்கியவர், பறம்பிக்குளத்தில் மரம் ஏற்றியவர் ஆகியோருக்கு அட்டவணையில் இடமில்லை. அவர்களைப் பற்றிய செய்தி குடும்பங்களிடமே உள்ளது. அவ்வழி வந்தவர் வீட்டுப் பெட்டியில் பழைய புகைப்படம் ஏதேனும் இருப்பின், அதன் பின்புறம் எழுதியுள்ள ஊரையும் ஆண்டையும் முதலில் படியெடுத்து வைக்கவும். எஞ்சினும் படத்தில் விழுந்திருந்தால் சக்கரங்களை எண்ணலாம். தகடு தெரிந்தால் எண்ணையும் படிக்கலாம். நூலில் தேட அவ்வளவு போதும்.