இரண்டு லிட்டர் போதுமா? தடா வரை ஒரு சவாரி

"எத்தனை சி.சி.?" புதுக் கார் வாங்கியதாகச் சொன்னால், விலைக்கு அடுத்தபடியாக நம்மவர்கள் கேட்பது இதைத்தான். அம்பாசடர் 1489 சி.சி. என்றும், காண்டசாவில் இசுசு எஞ்சின் வந்தபோது 1800 சி.சி. என்றும் மனப்பாடமாகச் சொன்ன தலைமுறை நாம். சி.சி. கூடினால் பலம் கூடும். கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது.

அந்தக் கணக்கு என்னைக் குழப்பியது சென்ற ஆண்டுதான். சிங்கப்பூரில் நான் ஓட்டிய ஆறு சிலிண்டர் காருக்குப் பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முடிய நான்கு மாதங்களே இருந்தன. அடுத்த காருக்கு விற்பனையாளர் காட்டியதெல்லாம் இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ. விலையோ பழைய காரைவிட அதிகம். "இவ்வளவு பணம் கொடுத்து டாக்சி எஞ்சினா?" என்றாள் மனைவி. எனக்கும் அதே சந்தேகம்தான்.

அந்தச் சமயத்தில் விடுமுறைக்குச் சென்னை போயிருந்தோம். என் சகலை தடாவில் இருக்கிறார். முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்து 2022 முதல் திருப்பதி மாவட்டமாகிவிட்ட எல்லை ஊர் அது. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். அவர் அண்மையில் இதே வகைக் கார் ஒன்று வாங்கியிருந்தார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். மாமியாரைப் பின்சீட்டில் உட்கார வைத்து, "நீங்களே ஓட்டிப் பாருங்க சகலை" என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

செங்குன்றம் சிக்னலில் நின்றதும் எஞ்சின் தானாக அணைந்தது. "மாப்பிள்ளை, வண்டி நின்னு போச்சே!" என்று பதறினார் மாமியார். பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு என்று விளக்கியும் அவர் நம்பவில்லை. ஆனால் காரனோடை தாண்டி நெடுஞ்சாலை சீரானதும் தூங்கிவிட்டார். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் எல்லாம் வந்ததே தெரியவில்லை. 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 1500 சுற்றுக்கும் கீழே சோம்பலாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்தச் சோம்பலுக்குப் பின்னால்தான் டர்போவின் சூட்சுமம் இருக்கிறது. சாதாரண எஞ்சின் காற்றைத் தானாக உறிஞ்சிக் கொள்கிறது. டர்போவில், வீணாகப் போகும் புகையே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும். ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-லேயே காப்புரிமை பெற்ற யோசனைதான் இது.

பலன் எவ்வளவு என்பதற்கு பி.எம்.டபிள்யூ. 330ஐ நல்ல உதாரணம். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெயரில் வந்தது 3 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாதது. 258 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர் இழுவிசை. 2019-இல் அதே பெயரில் வந்தது 1998 சி.சி., நான்கு சிலிண்டர். குதிரைத்திறன் அதே 258. இழுவிசையோ 400, அதுவும் 1550 சுற்றிலேயே. பின்புறம் ஒட்டியிருக்கும் 30 என்ற எண் மட்டும் மாறவில்லை!

தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியிலும் இதே கதைதான். 2016-இல் திறந்த இசுசு தொழிற்சாலையின் வி-கிராஸ் வண்டி 2.5 லிட்டர் டீசலில் 136 குதிரைத்திறன் தந்தது. பின்னர் வந்த 1.9 லிட்டர் 163 தருகிறது.

சரி, குறையே இல்லையா? அது வரதய்யபாளையம் தாண்டி உள்ளே திரும்பிய ஒரு குறுகிய சாலையில் தெரிந்தது. முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், எதிரே தூரத்தில் ஒரு லாரி. 40 கி.மீ. வேகத்திலிருந்து சட்டென்று மிதித்தேன். ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு யாரோ முதுகில் தள்ளியதுபோல் பாய்ந்தது. நான் நினைத்ததைவிட லாரி நெருங்கியிருந்தது. மாமியார் விழித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

கியர் இறங்கவும் டர்போச் சக்கரம் வேகம் பிடிக்கவும் ஆகும் தாமதம் அது. சகலை திட்டவில்லை. "சிக்கன நிலையில வச்சுக்கிட்டு முந்தக் கூடாது சகலை. ஸ்போர்ட்டுக்குத் தள்ளி, சுற்று ஏறினப்புறம் வெளியே எடுங்க" என்றார். அப்படிச் செய்தபோது தயக்கம் தெரியவேயில்லை. ஆனால் என் பழைய ஆறு சிலிண்டருக்கு இந்தப் பாடம் தேவைப்பட்டதில்லை. மிதித்த அளவுக்கு உடனே பதில் சொல்லும்; அதன் பட்டுப்போன்ற ஓட்டமும் இதில் இல்லை. மைலேஜும் காலைப் பொறுத்ததே. நிதானமாகப் போனபோது லிட்டருக்கு 15 கி.மீ. காட்டிய கார், சென்னை நெரிசலில் 8-க்கு இறங்கியது.

பிறகு ஏன் எல்லோரும் சின்ன எஞ்சினுக்கு மாறினார்கள்? புகைக் கட்டுப்பாடு ஒரு காரணம், வரி இன்னொன்று. சிங்கப்பூரில் பெட்ரோல் காருக்குச் சாலை வரி சி.சி.யைப் பொறுத்தது. சான்றிதழில் ஏ பிரிவுக்கு முன்பு 1600 சி.சி. என்ற வரம்பு மட்டுமே இருந்தது. 1.6 லிட்டர் டர்போவோடு சொகுசுக் கார்கள் அதற்குள் நுழைந்துவிட்டதால், 2014 பிப்ரவரி முதல் 97 கிலோவாட் என்ற வரம்பையும் சேர்த்தார்கள். சி.சி. மட்டும் பலத்தைக் காட்டாது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டதாக எனக்குப் பட்டது.

திரும்பி வந்து இரண்டு லிட்டர் டர்போவுக்கே முன்பணம் கட்டினேன். அதற்கு முன், குடும்பத்தை முழுக்க ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று விற்பனையாளரிடம் பிடிவாதம் பிடித்தேன். விரைவுச்சாலையில் சேரும் இடத்தில் 40-லிருந்து மூன்று முறை மிதித்துப் பார்த்தேன். ஒரு காரில் தாமதம் அதிகம், இன்னொன்றில் குறைவு, சி.சி. இரண்டிலும் ஒன்றே. எண்ணெய் மாற்றும் தேதியையும் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். டர்போவின் சூட்டுக்குப் பழைய எண்ணெய் தாங்காது என்று சகலை அழுத்திச் சொல்லியிருக்கிறார்.

சென்ற வாரம் மாமியார் தொலைபேசியில் கேட்டார்: "புது வண்டியும் சிக்னல்ல நின்னு போகுதா மாப்பிள்ளை?"