கிணற்றடிக்குப் போகும் கேபிள்

இடம்பெயர்ந்து திரும்பிய கமக்காரர் தம் காணியில் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். கிணறு இறைத்துத் துப்புரவானதும் வீட்டிலிருந்து மோட்டருக்குக் கறண்ட் கொண்டுபோக வேண்டும். அதற்கென மண்ணுக்குள் புதைக்கும் கேபிளில், உள்வயர்களைச் சுற்றி இரும்புக் கம்பிகள் கவசமாக இருக்கும்.

அக்கம்பிகள் மண்வெட்டி உள்ளே போகாமல் தடுக்கும் என்றே பலர் எண்ணுகின்றனர். ஓங்கிக் குத்திய அலவாங்கு அதையும் துளைத்துவிடும். அவ்வேளை ஆளைக் காப்பது, கவசம் ஏர்த்துடன் தொடுக்கப்பட்டிருப்பதே. தொடுத்திருந்தால் கறண்ட் அவ்வழியே ஓட, றிப் சுவிட்ச் உடனே விழும். தொடுக்காவிட்டால் கவசம் நெடுகிலும் 230 வோல்ற் ஏறி நிற்கலாம். கவசம் மோட்டரின் உடலிலும் முட்டியிருந்தால், ஈரக்காலுடன் அதைத் தொடும் பிள்ளையின் கதி என்ன?

ஆகவே வீட்டுப் பெட்டியில் கேபிள் நுழையும் இடத்தில் பித்தளைக் கிளாண்ட் பூட்டி, கவசத்தை ஏர்த்துடன் இணைக்க வேண்டும். மோட்டரின் உடலுக்கும் ஏர்த் வேண்டும். நீர்மட்டக் கருவிகளுக்குப் போகும் மெல்லிய கேபிளின் தாள் கவசத்தை ஒரு முனையில் மட்டும் தொடுப்பது வழக்கம். அது வேறு தேவைக்கு. அந்த விதியை இங்கே கொண்டுவரக் கூடாது.

பெரும்பாலும் பிழை மூட்டில்தான். நீளம் போதாமல் இரண்டு துண்டுகளைப் பொருத்தும்போது உள்வயர்களை முறுக்கி ரேப் சுற்றுவார்கள். இரும்புக் கம்பிகளை வெட்டி மடித்துவிடுவார்கள். மோட்டர் ஓடும், தண்ணீரும் வரும், ஒரு குறையும் தெரியாது. ஆனால் மூட்டுக்கு அப்பால் கவசத்துக்கு ஏர்த் இல்லை. கவசத்தையே ஏர்த்தாக நம்பியிருந்தால் மோட்டருக்கும் இல்லை. இடிந்த வீடுகளில் கிளறியெடுத்த பழைய கேபிளென்றால் கம்பிகள் துருவேறி இடையில் அறுந்தும் இருக்கலாம்.

பியூஸ் இருக்கிறதே என்று ஆறுதல்படவும் முடியாது. வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஏர்த் கம்பியை ஆழமாக அடிப்பது கடினம். கோடையில் மண் காயத் தடையும் கூடும். தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஓடக்கூடியது 4.6 அம்பியர்தான். 15 அம்பியர் பியூஸ் அதற்கு எரியாது. 30 மில்லி அம்பியரில் விழும் றிப் சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

அதிலுள்ள சோதனைப் பொத்தானை இடைக்கிடை அமர்த்திப் பாருங்கள். அது சுவிட்சை மட்டுமே சோதிக்கும். ஏர்த்தை மின்வினைஞர் மீற்றர் வைத்தே பார்க்க வேண்டும். கிடங்கை மூடமுன், மூட்டில் இரும்புக் கம்பிகளும் இணைந்திருப்பதைக் காட்டும்படி அவரிடம் கேளுங்கள்.