குன்றக்குடியிலிருந்து காரைக்குடி எவ்வளவு தூரம்?

குன்றக்குடிக்கும் காரைக்குடிக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், சுமார் 10 கிலோமீட்டர் என்று எல்லோரும் சொல்வார்கள். என் பாட்டியைக் கேட்டால், "பஸ் வந்தால் அரை மணி, வராவிட்டால் அரை நாள்" என்பார். சாலைகளையும் பேருந்துத் தடங்களையும் திட்டமிடும் பொறியாளர்களும் பாட்டியின் கட்சியே என்று அறிந்தபோது வியப்படைந்தேன்.

அவர்கள் ஒரு வட்டாரத்தைச் சிறு சிறு மண்டலங்களாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்து, அங்குள்ள மக்கள் அனைவரும் அப்புள்ளியிலிருந்தே புறப்படுவதாகக் கொள்கின்றனர். பிறகு ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல ஆகும் நேரம், தூரம், கட்டணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே அட்டவணை தயாரிக்கின்றனர். தோழியரே, இது நம் கணக்குப் புத்தகத்திலுள்ள அணிதான்! குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, காரைக்குடி என மூன்று மண்டலங்கள் எடுத்தால் 3 நிரைகள், 3 நிரல்கள். 1,000 மண்டலங்களுள்ள நகரத்துக்கோ 10 இலட்சம் கட்டங்கள்!

இவற்றை நிரப்ப ஒரு நல்ல வழி உண்டு. புறப்படும் இடத்துக்கு மிகக் குறைந்த நேரத்தில் சென்றடையும் ஊரை முதலில் உறுதி செய்ய வேண்டும். அவ்வூர் வழியாகச் சென்றால் மற்ற ஊர்களுக்கு நேரம் குறைகிறதா என்று பார்த்து, மிஞ்சியவற்றுள் மிகக் குறைந்ததை அடுத்து உறுதி செய்ய வேண்டும். இப்படியே கடைசி ஊர் வரை. நெதர்லாந்து நாட்டு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் அமர்ந்து, தாளும் பேனாவும் இன்றி 20 நிமிடங்களில் இதைக் கண்டாராம். 1959இல் வெளியிட்டார்.

பேருந்துப் பயணத்தில் கணக்கு சற்றுச் சிக்கலானது. நான் பள்ளிக்கு வர, நிறுத்தத்துக்கு நடை 10 நிமிடம், காத்திருப்பு 15, பேருந்தில் 25, இறங்கி நடை 5, மொத்தம் 55. ஆனால் நடப்பதும் காத்திருப்பதும் பேருந்தில் அமர்ந்திருப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு பாரமாகத் தோன்றும் என்பதால், அவற்றை இரட்டித்தே கூட்டுவது வழக்கம். அப்படிக் கூட்டினால் 85! 2021 மே முதல் தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே கட்டண அணியில் எனக்குப் பூஜ்யம். நேர அணியில் அந்த 85 அப்படியே நிற்கிறது.

காலை நேரத்துக்கு ஓர் அணி, நண்பகலுக்கு வேறோர் அணி வேண்டும். நகரத்தார் காவடிகள் நம் ஊரில் கூடிப் பழனிக்கு நடந்து புறப்படும் தைப்பூச நாள்களில் எந்த அணியும் பொருந்தாது!

என்னை யோசிக்க வைத்தது மூலைவிட்டம். குன்றக்குடியிலிருந்து குன்றக்குடிக்கே எவ்வளவு நேரம்? பெரும்பாலும், மிக அருகிலுள்ள மண்டலத்துக்கு ஆகும் நேரத்தில் பாதியைப் போட்டுவிடுகிறார்கள். பிள்ளையார்பட்டிக்கு 8 நிமிடம் என்றால் இங்கு 4. மேலும், மண்டலத்துக்குள்ளேயே முடியும் பயணங்கள் சாலைப் போக்குவரத்துக் கணக்கில் ஏறுவதே இல்லை. அம்மாவின் ரேஷன் கடை, மாவு மில், தம்பியின் பள்ளி எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

விடுமுறையில் ஒரு நாள் கைக்கடிகாரத்துடன் அம்மாவின் பின்னாலேயே நடந்தேன். ரேஷன் கடைக்குப் போக 18 நிமிடம். அரிசிப் பையுடன் திரும்ப 26.