இரண்டு வட்டுகளும் உண்மையிலேயே ஒன்றுதானா?

பிறையில் ஒரு சிறு தொழிற்கூடம். அதன் கணக்குகளெல்லாம் ஒரே கணினியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு வன்தட்டு பழுதானாலும் கணக்கு தொலையக் கூடாது என்பதற்காக, ஒரே தகவலை இரண்டு வட்டுகளில் எழுதும்படி அமைத்திருக்கிறார்கள். இதைக் 'கண்ணாடிப் பதிவு' எனலாம். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் வெளியிட்ட 'ரெய்ட்' ஆய்வுக் கட்டுரை இதை முதல் நிலையாக வகைப்படுத்தியது.

திடீரென ஒரு வட்டின் கேபிள் கழன்றுவிடுகிறது. வேலை நிற்பதில்லை, மற்ற வட்டில் கணக்கு தொடர்ந்து எழுதப்படுகிறது. மீண்டும் பொருத்தும்போது, எது பழையது என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

லினக்ஸில் ஒவ்வொரு வட்டிலும் ஒரு நிகழ்வு எண் பதிவாகிறது. அமைப்பின் நிலை மாறும்போது அந்த எண் கூடும். எண் பின்தங்கிய வட்டே பழையது. அதன்மேல் புதிய தகவல் நகலெடுக்கப்படும். 4 டெராபைட் வட்டு முழுவதையும் நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நகலெடுக்க ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். அதுவரை கணக்குக்கு முழுமையான பிரதி ஒன்றுதான்! எழுதப்படும் பகுதிகளை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி இருந்தால், மாறிய பகுதிகளை மட்டும் நகலெடுத்தால் போதும்.

மின்தடை வேறு விதமான சிக்கல். ஒரு வட்டில் எழுதி முடித்து, மற்றதில் முடிக்கும் முன் மின்சாரம் போகலாம். அப்போது கணினி ஒன்றைத் தேர்ந்து மற்றதில் நகலெடுக்கும். இரண்டும் ஒன்றாகிவிடும், ஆனால் அதிலிருப்பது சரியான கணக்குதான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதையெல்லாம் விபத்துக்கு முன்பே சோதிக்க வேண்டும். முக்கியமான தகவல் இல்லாத வட்டுகளில் செய்யுங்கள். கோப்புகளை எழுதி, அவற்றின் சரிபார்ப்பு எண்களைக் குறித்துவையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு வட்டைத் துண்டியுங்கள். மேலும் சில கோப்புகளை எழுதிவிட்டு, மீண்டும் இணையுங்கள்.

ஒத்திசைவு முடிந்ததும் கோப்பு திறக்கிறதே என்று திருப்தி அடையாதீர்கள். அது கழலாத வட்டிலிருந்தே வாசிக்கப்பட்டிருக்கலாம். கழலாத வட்டை நீக்கிவிட்டு, மீண்டும் சேர்த்த வட்டை மட்டும் வைத்துக் கணினியை இயக்குங்கள். சரிபார்ப்பு எண்கள் பொருந்தினால்தான் சோதனை வெற்றி.

ஒன்றை மறக்க வேண்டாம்: தவறுதலாக அழித்த கோப்பு இரு வட்டிலும் சேர்ந்தே அழியும். ஆகவே, வேறோர் இடத்தில் தனி நகலும் அவசியம்.