தோல் தொட்ட கையிடம் மதம் கேட்கும் சட்டம்

மார்கழித் திங்களில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபா மேடைகளில் ஒலிக்கும் மிருதங்கம் ஒரு தோற்கருவி. இசை நூல்கள் அதை அவ்வாறே வகைப்படுத்துகின்றன. அந்தத் தோலைத் தேர்ந்து, ஊறவைத்து, மயிர் நீக்கி, வட்டமாக அறுத்து நாதம் ஏற்றுபவர் யார் என்னும் வினா மட்டும் மேடையில் எழுவதில்லை. தஞ்சாவூரிலும் சென்னையிலும் இத்தொழிலைத் தலைமுறைகளாகச் செய்துவருவோரில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பட்டியல் சாதியினர் என்போர் யார் என்று நாற்பது ஆண்டுகளாக நம் நீதிமன்றங்களில் நடந்துவரும் வழக்கை விளங்கிக்கொள்ள, அவர்களது பட்டறையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

முதலில் தொழிலைப் பார்ப்போம். மிருதங்கத்தின் கட்டை பெரும்பாலும் பலா. ஆனால் கருவிக்குக் குரல் தருவது தோல்வேலையே. பசு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் இதற்குத் தேவை. இழுத்துக் கட்டும் வார் எருமைத் தோலால் ஆனது. வலது முகமாகிய வலந்தலைக்கும் இடது முகமாகிய தொப்பிக்கும் தோல்களை அடுக்கடுக்காகப் பொருத்தி, விளிம்பில் தோற்பின்னலிட்டு, ஒவ்வொரு முகத்திலும் 16 கண்கள் வழியே வாரை இழுத்துக் கட்டுகின்றனர். ஒரு கண்ணில் இழுவை கூடினாலும் குறைந்தாலும் சுருதி கலையும். எந்தத் தோல் எங்கே மெல்லியது, எங்கே தடித்தது என்பதைக் கை தடவியே அறிய வேண்டும். அளவுகோல் உதவாது.

வலந்தலையின் நடுவில் உள்ள கருவட்டத்தைக் கரணை என்றும் சாதம் என்றும் அழைப்பர். கிட்டான் கல்லைப் பொடித்துச் சோற்றுடன் பிசைந்து, சிறிது சிறிதாக அப்பி, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்து இறுக்குகின்றனர். தேய்ப்பின் இடையிடையே தட்டிப் பார்த்துச் செவியால் அளக்கின்றனர். வாசிக்க வாசிக்க அந்தக் கரணை தேய்ந்து உதிரும். மீண்டும் இட்டாக வேண்டும். ஆகவே வாசிப்பவர் தம் வாழ்நாள் முழுதும் செய்பவரைச் சார்ந்தே இருக்கிறார். சுருதி ஞானம் இல்லாத ஒருவரால் இந்த வேலையைச் செய்ய இயலாது என்பது வெளிப்படை. எனினும் ஒரு கை ‘வித்வான்’ ஆகிறது, மற்றொரு கை ‘ரிப்பேர்காரர்’ ஆகிறது!

1966-ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதை முதன்முதலாகப் பெற்ற மிருதங்கக் கலைஞர் பாலக்காடு மணி ஐயர். அவருக்கு மிருதங்கம் செய்து தந்தவர் பர்லாந்து. இந்தப் பெயரைக் கச்சேரி ரசிகர்களுள் எத்தனை பேர் அறிவார்கள்? பர்லாந்து உள்ளிட்ட கைவினைஞர் குடும்பங்களின் வரலாற்றைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் ஆங்கில நூலாக 2020-இல் வெளியிட்டார். அடையாறில் தொடங்கப்பட்டு இன்று ஒன்றிய அரசின் கீழ் இயங்கும் கலாக்ஷேத்ரா, வெளியீட்டு விழாவுக்குத் தந்திருந்த அரங்க அனுமதியைத் திரும்பப் பெற்றது. பசுத்தோலும் பிராமணக் கலைஞரும் பற்றிய நூற்பகுதி நாளேட்டில் வெளியானதே உடனடிக் காரணம். சமூக நல்லிணக்கம் கெடும் என்றது நிறுவனம். விழா தரமணியிலுள்ள ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. தோல் மேடையில் இருக்கலாம், தோலைப் பற்றிய பேச்சு இருக்கக்கூடாது போலும்.

இனி வழக்குக்கு வருவோம். அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சந்திக்கும் முனையில் செருப்புத் தைத்துவந்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறித்தவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பங்க் கடை வழங்கும் அரசாணை 1982-இல் வந்தது. சூசைக்குக் கடை மறுக்கப்பட்டது; காரணம் அவரது மதம். அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, 1950-இன் மூன்றாம் பத்தி, குறிப்பிட்ட மதத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. முதலில் இந்துக்கள், 1956-இல் சீக்கியர், 1990-இல் பௌத்தர். சூசை உச்சநீதிமன்றம் சென்றார். 1985-இல் மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது. சாதியால் நேர்ந்த இழிவுகள் புதிய மதச் சூழலிலும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்பதற்குச் சான்று வேண்டும் என்றது தீர்ப்பு.

இந்த அளவுகோலின் பிழை மிருதங்கப் பட்டறையில் தெளிவாகத் தெரிகிறது. தேவாலயத்துக்குள் சாதி இருக்கிறதா என்று மட்டும் நீதிமன்றம் தேடியது. (அங்கும் இருக்கிறது, தனிக் கல்லறைகளே சாட்சி.) ஆனால் செய்பவரைச் சாதியில் நிறுத்தும் கை தேவாலயத்துக்கு வெளியிலும் இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்றவர் என்பதற்காக எவரும் அவரிடமிருந்து தோல்வேலையை வாங்கிக்கொள்ளவில்லை. தொழில் பிறப்பின் வழியே இறங்குகிறது. தீட்டும் அதனுடனேயே இறங்குகிறது. சீக்கியரையும் பௌத்தரையும் நாடாளுமன்றம் சட்டத்திருத்தம் மூலம் சேர்த்துக்கொண்டது. சூசையிடமோ அவரே சான்று திரட்டி வருமாறு நீதிமன்றம் கேட்டது.

விளைவு என்ன? ஒரே குடும்பத்தில் இந்துவான அண்ணனும் கிறித்தவரான தம்பியும் ஒரே பட்டறையில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். சாதிப் பெயர் சொல்லி இருவரையும் ஒருவர் இழிவுபடுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அண்ணனுக்கு மட்டுமே துணைநிற்கும். தமிழ்நாட்டில் தம்பி பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பார். தனித் தொகுதியில் போட்டியிடவும் முடியாது.

மூன்றாம் பத்தியை எதிர்த்து 2004-இல் தொடுக்கப்பட்ட மனு இருபது ஆண்டுகளைக் கடந்தது. மதத் தடையை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. இதனிடையே 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் காலக்கெடுவும் நீட்டிக்கப்பட்டது.

சான்று கேட்கும் நீதிமன்றத்திடம் சான்றோடு செல்வது வழக்கறிஞர் கடமை. கள ஆய்வு செய்யும் மாணவத் தோழர்கள் இத்தகைய பட்டறைகளில் வாக்குமூலம் பதியும்போது, வீட்டு வாசலில் எங்கே நிறுத்தப்பட்டார்கள், எந்தக் குவளையில் தண்ணீர் தரப்பட்டது, கூலி கையில் தரப்பட்டதா, தரையில் வைக்கப்பட்டதா என்பதை ஆண்டுடனும் இடத்துடனும் எழுதிக்கொள்ள வேண்டும். சூசையின் மனுவில் இல்லாதிருந்தவை இத்தகைய விவரங்களே.