சொல்லும் தொண்டும்

கண்டி வாவியைக் கடந்து சிறிது தொலைவு மேலேறினால் அம்பிட்டிய. பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1893ஆம் ஆண்டில் நிறுவிய குருமடம் இங்கேதான் இருந்தது. 1955இல் அது புனே நகருக்கு மாற்றப்படும்வரை, மக்களிடை சென்று பேசவேண்டிய இளைஞர் பலரை இவ்வூர் பயிற்றியது. இன்றோ பேசுங்கலை ‘தொடர்பாடல்’ என்னும் பெயரால் கல்லூரிப் பாடமாகிவிட்டது. மாணவர் எப்படிச் சொல்வது என்பதைக் கற்கின்றனர். யாருக்குச் சொல்வது என்பதை எங்கே கற்பர்?

இவ்வினா எனக்கு எழுந்த வகையைச் சொல்லுகிறேன். அயலிலுள்ள தேயிலைத் தோட்டத்து மூதாட்டி ஒருவர், பேத்தியின் பிறப்புப் பத்திரத்துக்காக விண்ணப்பம் எழுதித் தருமாறு வேண்டினார். நானும் செந்தமிழிலே எழுதி, பெருமிதத்துடன் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டிருந்தவர், “எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க ஐயா. பத்திரம் வேணுமுன்னு எந்த எடத்துல கேட்டிருக்கீங்க?” என்றார். முப்பதாண்டு இலக்கணம் கற்பித்த நான் நாணித் தலைகுனிந்தேன். அன்று ஆசிரியர் அவர், மாணவன் நான்.

தொண்டின் வழியே கற்றல் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1958ஆம் ஆண்டிலே கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்ன, தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சமூகத்தால் ஒதுக்கப்பட்ட மக்களுடன் அவர்கள் தங்கினர், கூடி உழைத்தனர். சர்வோதய சிரமதான இயக்கம் முளைத்தது அவ்வுழைப்பிலேதான்.

தொடர்பாடல் மாணவர்க்கு மண்வெட்டியினும் எழுதுகோலே ஏற்ற கருவி. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைக் கையிலேந்தி, படித்துச் சொல்வாரைத் தேடும் தோட்டத் தொழிலாளர் இன்றும் உளர். தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் இருவர் இருவராய் லயன்களுக்குச் செல்லட்டும். கடிதத்தைப் படித்துப் பொருள் உரைக்கட்டும். மறுமொழி எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டட்டும். விளங்கவில்லை என்று மக்கள் கூறிய இடங்களே மறுநாள் வகுப்பின் பாடமாகட்டும்.

ஒன்று மட்டும் வேண்டா. வறுமையைப் படம்பிடித்து, புள்ளிகள் பெற்றுத் திரும்புவது தொண்டாகாது. அந்தப் பேத்தியின் கையிலே பத்திரம் வந்து சேர்ந்ததா என்பதே மாணவர்க்குரிய தேர்வு. அத்தேர்வில் வென்ற சொல்லே சொல்.